புள்ளியும் புளியும்

2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்து விலைவாசிக் கணக்கை மத்திய சர்க்காரின் புள்ளி விவர இலாகா வெளியிட்டபோது, படித்தவர் படியாதவர் எல்லாரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். முந்திய வருஷத்து அக்டோபரைக் காட்டிலும் விலைவாசி 0.25 சதவிகிதந்தான் ஏறியிருக்கிறது என்று அந்தக் கணக்குச் சொல்லிற்று. அதாவது, 100 ரூபாய் செலவு செய்து வந்த சம்சாரிக்கு ஒரு வருஷம் கழித்து 100 ரூபாய் 25 காசு இருந்தால் போதுமாம்! 2012-ம் வருஷத்தை 100 என்று வைத்து எழுதப்பட்ட அந்த வரிசையில் அவ்வளவு சிறிய எண் அதற்கு முன் வந்ததே கிடையாது.

நம்முடைய ஆர்.கே.பேட்டைக் கடைத்தெருவில் இந்தச் செய்தி யாரையும் ஆனந்தக் கூத்தாடச் செய்யவில்லை. இது எல்லைப்புறத்து ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தத் திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. பாஷை விஷயத்தில் இங்கே வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. ஆனால் அந்த 0.25-ஐப் பற்றி இரண்டு பாஷைகளிலும் எழுந்த கேள்வி ஒன்றேதான்: "இந்த விலை எந்த ஊர்க் கடையில்?"

சர்க்கார் பொய் சொல்கிறது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். திண்ணையில் உட்கார்ந்து அப்படித் தீர்ப்புக் கூறுவதில் ஒரு திருப்தியும் இருக்கிறது. ஆனால் நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். புள்ளி ஒன்று சொல்ல, புளி வேறொன்று சொல்கிறது என்றால், இரண்டையும் கூண்டில் ஏற்றி விசாரிப்பதுதான் நியாயம். விசாரித்துப் பார்த்ததில், இந்த வழக்கில் நாம் இதுவரை கவனியாத மூன்றாவது பேர்வழி ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரிய வந்தது. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் புள்ளியின் வாக்குமூலம். அது வேகத்தைச் சொல்கிறதே தவிர உயரத்தைச் சொல்லவில்லை. திருத்தணி மலைக்கு 365 படிகள், வருஷத்தின் நாளுக்கு ஒரு படி, என்று நம் பக்கத்தில் சொல்லுவார்கள். ஒரு கிழவர் விறுவிறு என்று 200 படி ஏறிவிட்டு, மூச்சு வாங்க மெதுவாகக் கால் எடுத்து வைக்கிறார். கீழே நிற்பவர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, "சற்று முன் நிமிஷத்துக்கு 20 படி ஏறினவர் இப்போது ஒரே படிதான் ஏறுகிறார்" என்று குறித்துக்கொள்கிறார். அவர் குறிப்பில் பிழை இல்லை. ஆனால் கிழவர் கீழே இறங்கி வந்துவிட்டாரா? இல்லையே! அவர் 200-வது படியில் அல்லவா நிற்கிறார்? அவருடைய முழங்கால் வலியைக் கடிகாரத்தைக் கொண்டு அளந்தால் எப்படித் தெரியும்?

எண்களைக் கொண்டே பார்ப்போம். 2024 அக்டோபரில் உணவுப் பொருள்களின் விலை முந்திய வருஷத்தைவிட 10.87 சதவிகிதம் ஏறியிருந்தது. காய்கறிகள் மாத்திரம் 42 சதவிகிதத்துக்கு மேல் ஏறியிருந்தன. தக்காளியையும் வெங்காயத்தையும் நம் வீட்டுப் பெண்மணிகள் பார்த்துப் பார்த்து நறுக்கிய காலம் அது. 2025 அக்டோபரில் உணவு விலை 5.02 சதவிகிதம் இறங்கிற்று. காய்கறிகள் 27 சதவிகிதத்துக்கு மேல் இறங்கின. ஆக, 2023 அக்டோபரில் 1,000 ரூபாய்க்கு வாங்கிய உணவுப் பொருள் அடுத்த வருஷம் 1,109 ரூபாய் ஆகி, அதற்கு அடுத்த வருஷம் 1,053 ரூபாய்க்கு வந்து நின்றது. "5 சதவிகிதம் இறங்கிவிட்டது" என்கிறது புள்ளி. "இரண்டு வருஷத்துக்கு முன் 1,000 கொடுத்தேன், இப்போது 1,053 கொடுக்கிறேன்" என்கிறாள் வீட்டுக்கார அம்மாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை! எல்லாப் பொருள்களையும் சேர்த்துப் பார்த்தாலும் அப்படித்தான்: 2023-ல் 100, 2024-ல் 106 ரூபாய் 21 காசு, 2025-ல் 106 ரூபாய் 48 காசு. ஏறின 6 ரூபாய் ஏறினபடியே நிற்கிறது. அந்த ஒரு வருஷத்தில் கடைக்காரரிடம் வைத்த பாக்கியும், அதற்கு வட்டியும், தக்காளி விலை இறங்கினதால் இறங்கிவிடுமா?

அடுத்தபடியாக, அந்தக் கூடையை நிரப்பியது யார் என்று கேட்க வேண்டும். விலைப் புள்ளி என்பது ஒரு கற்பனைக் கூடை. அரிசி, பருப்பு, துணி, வாடகை, மருந்து, பஸ் கட்டணம் என்று நூற்றுக்கணக்கான சாமான்களை அதில் போட்டு, 1,181 கிராமங்களிலும் 1,114 பட்டணத்துக் கடைத்தெருக்களிலும் விலை விசாரித்துக் கூட்டி வந்தார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் அதன் முக்கியத்துக்குத் தக்கபடி ஓர் எடை உண்டு. 2012-ம் வருஷத்து வரிசையில், 100-ல் ஏறக்குறைய 46 பங்கு உணவுக்கும் பானங்களுக்கும், வீட்டுக்கு 10, வைத்தியத்துக்கு ஏறக்குறைய 6, கல்விக்கு நாலரை. இந்த எடைகள் 2011–12-ல் ஜனங்கள் செய்த செலவைக் கேட்டு எழுதப்பட்டவை. அதற்குப் பிறகு உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் கூடை மாறவில்லை. யாரும் சீண்டாத டேப் ரிகார்டரும் ஒளித்தகட்டுப் பெட்டியும் அதில் இருந்துகொண்டே இருந்தன. கிராமத்து வீட்டு வாடகை மாத்திரம் அதில் இல்லவே இல்லை. கிராமத்தில் எல்லாரும் சொந்த வீட்டில் இருப்பதாகவே அந்தக் கணக்குப் பாவித்தது. தறி போட்டுக் குடியிருக்க வாடகைக்கு இடம் தேடி அலையும் நெசவாளக் குடும்பங்கள் இதைக் கேட்டால் என்ன சொல்லுமோ தெரியாது.

2026 பிப்ரவரியில் இந்தக் கூடையை மாற்றினார்கள். 2024-ம் வருஷத்தை 100 என்று வைத்துப் புதிய வரிசை வந்தது. டேப் ரிகார்டருக்கு விடுதலை கிடைத்தது. கிராமத்து வாடகை உள்ளே வந்தது. உணவின் எடை 46-லிருந்து 37-க்கு அருகில் இறங்கிற்று. இது சீர்திருத்தந்தான், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனாலும், "உணவுக்கு 37 பங்குதானா?" என்று கேட்கக்கூடிய வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. சர்க்கார் எடுத்த 2023–24 குடும்பச் செலவு விசாரணையே, கிராமத்துக் குடும்பங்கள் சராசரியாக 100-க்கு 47 ரூபாயை உணவுக்குச் செலவு செய்வதாகச் சொல்கிறது. அதுவும் சராசரிதான். ஏழையின் பங்கு அதைவிட அதிகம் என்று சொல்ல நிபுணர் வேண்டியதில்லை.

இந்தச் சராசரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேர்தலிலே பணக்காரருக்கும் ஏழைக்கும் ஆளுக்கு ஒரு வோட்டு. விலைப் புள்ளியிலோ ரூபாய்க்கு ஒரு வோட்டு! மாதம் 50,000 ரூபாய் செலவு செய்கிற வீடு 50,000 வோட்டுப் போடுகிறது. 12,000 ரூபாய் செலவு செய்கிற வீட்டுக்கு 12,000 வோட்டுத்தான். நாட்டின் மொத்தச் செலவில் எந்தச் சாமானுக்கு எவ்வளவு போயிற்று என்று பார்த்து எடை போடுவதால் இப்படி நேர்கிறது.

பள்ளிக்கூடத்துக் கணக்குப் போல ஒன்று போட்டுப் பார்க்கலாம். எண்கள் நம் கற்பனையே. ஒரு நெசவாளர் வீட்டில் மாதச் செலவு 12,000 ரூபாய். அதில் 9,000 உணவுக்கு. ஓர் உத்தியோகஸ்தர் வீட்டில் 50,000. அதில் 12,000 உணவுக்கு. உணவு விலை 10 சதவிகிதமும் மற்றவை 4 சதவிகிதமும் ஏறுகிற வருஷத்தில், நெசவாளர் செலவு 1,020 ரூபாய் கூடுகிறது. அதாவது எட்டரை சதவிகிதம். உத்தியோகஸ்தருக்கு 2,720 ரூபாய் கூடினாலும் சதவிகிதம் ஐந்தரைகூட ஆகவில்லை. உணவு 5 சதவிகிதம் இறங்கி மற்றவை 5 சதவிகிதம் ஏறுகிற வருஷத்தில், நெசவாளருக்கு 300 ரூபாய் மிச்சம். உத்தியோகஸ்தருக்கு 1,300 ரூபாய் அதிகச் செலவு. இரண்டையும் கலந்து எடுத்த சராசரி இவருக்கும் பொருந்தாது, அவருக்கும் பொருந்தாது. இரண்டு பேருடைய காலையும் அளந்து நடுத்தரமாகத் தைத்த செருப்பு இரண்டு பேருக்கும் கடிக்கத்தானே செய்யும்?

இடத்துக்கு இடமும் வித்தியாசம் உண்டு. தேசம் முழுமைக்கும் 0.25 என்று சொன்ன அதே 2025 அக்டோபரில், கேரளத்தில் மாத்திரம் விலையேற்றம் 8 சதவிகிதத்துக்கு மேல் இருந்ததாக அதே கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் 1 சதவிகிதத்துக்குச் சற்று அதிகம். ராஜ்யத்துக்கு ராஜ்யம் எண் உண்டு. ஜில்லாவுக்கு ஜில்லா கிடையாது. எல்லைக் கோட்டின் இரு புறமும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிற நம் போன்றவர்களுக்கு, எந்த ராஜ்யத்து எண் நம்முடையது என்பதே ஒரு கேள்வி.

பிறகு, தங்கம். 2025 ஜனவரி 1-ந் தேதி சென்னையில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் 57,200 ரூபாய். அந்த வருஷம் டிசம்பரில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. பழைய கூடையில் தங்கத்தின் எடை 100-க்கு ஏறக்குறைய ஒன்றுதான். வருஷாவருஷம் சராசரிக் குடும்பம் வாங்குகிற தங்கம் அவ்வளவே என்பதால் அந்த எடை தவறும் அல்ல. ஆனால் தை மாதத்தில் பெண்ணுக்குக் கலியாணம் வைத்திருக்கிற தகப்பனாரிடம் போய், "ஸ்வாமி, தங்கத்தின் எடை ஒரு சதவிகிதந்தான்" என்று சொல்லிப் பாருங்கள்! தமிழ்நாட்டில் குடும்பத்தின் பெரிய செலவுகள் மாதாமாதம் வருகிறவை அல்ல. கலியாணம், கல்லூரி, ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் பத்து வருஷத்துக்கு ஒரு முறை வந்து, பத்து வருஷத்துச் சேமிப்பைக் கொண்டுபோகும். சராசரிக்கு அந்த வருத்தம் தெரியாது.

இனிப் புளியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஜனங்களுடைய ஞாபகமும் முழுக்க நம்பத் தகுந்த சாட்சி அல்ல. 2025 நவம்பரில் ரிசர்வ் பாங்க் பட்டணத்துக் குடும்பங்களைக் கேட்டபோது, விலைவாசி 6 சதவிகிதத்துக்கு மேல் ஏறியிருப்பதாக அவர்கள் சொன்னார்கள். சர்க்கார் கணக்கோ அந்தச் சமயத்தில் ஒன்றுகூட ஆகவில்லை. தினந்தோறும் வாங்குகிற பாலும் காயும் மனத்தில் நிற்கின்றன. வருஷத்துக்கு ஒரு முறை வாங்குகிற சாமான் மலிந்தால் நினைவில் நிற்பதில்லை. ஏறின விலையை ஊரெல்லாம் சொல்லுகிறோம். இறங்கின விலையை நாமே மறந்துவிடுகிறோம். மேலும், 2011 முதல் நம் ராஜ்யத்தில் ரேஷன் அரிசி இலவசம். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இவை எத்தனையோ வீடுகளின் சுமையைக் குறைத்திருக்கின்றன. இதை ஒப்புக்கொள்ளாமல் விலைவாசியைப் பற்றிப் புலம்புவது நேர்மை அல்ல.

ஆகவே புள்ளியும் முழுப் பொய் அல்ல. புளியும் முழு மெய் அல்ல. வழக்கு இத்துடன் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இப்போதுதான் ஆரம்பமாகிறது. இந்தப் புள்ளி ஏன் பிறந்தது என்று கேட்டால், நாம் முன்பு குறிப்பிட்ட மூன்றாவது பேர்வழி எழுந்து நிற்பார்.

சென்னை நகரத்துத் தொழிலாளரின் வாழ்க்கைச் செலவுப் புள்ளி, 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரையிலான வருஷத்தை 100 என்று வைத்துத் தொடங்கிற்று. இரண்டாவது யுத்தம் வந்தது. விலைவாசி தலைதெறிக்க ஓடிற்று. கூலி பின்தங்கி நின்றது. அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததுதான் பஞ்சப்படி. 1940-களில் சென்னை மில் தொழிலாளருக்குக் கிடைத்த ஏற்பாடு மிகவும் எளிமையானது: புள்ளி 100-க்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அணா. அப்போது விலைப் புள்ளி என்பது பொருளாதாரப் பேராசிரியர்களின் விளையாட்டுப் பொருளாக இல்லை; தொழிலாளி வீட்டு உலையில் போடும் அரிசியாக இருந்தது. ஆகையால் அவனும் அதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து வந்தான்.

கவனித்ததன் பலனை 1963-ல் பம்பாயில் கண்டோம். கடைத்தெருவில் விலை ஏறிக்கொண்டே போக, சர்க்கார் புள்ளி மாத்திரம் அதற்கேற்ப அசையவில்லை என்று தொழிலாளர் சங்கங்கள் குரல் எழுப்பின. அந்த வருஷம் ஆகஸ்டில் பம்பாய் நகரமே வேலை நிறுத்தத்தால் ஸ்தம்பித்தது. மகாராஷ்டிர சர்க்கார், பொருளாதார நிபுணர் டி.டி.லக்டாவாலாவின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. குழு ஆராய்ந்து பார்த்தது. தொழிலாளர் சொன்னதில் விஷயம் இருக்கிறது, புள்ளி உண்மைச் செலவைவிடக் குறைவாகத்தான் காட்டியிருக்கிறது என்று கண்டது. புள்ளி திருத்தப்பட்டது, பஞ்சப்படியும் அதற்கேற்ப உயர்ந்தது. அடுப்பங்கரைக் கணக்கு ஆபீஸ் கணக்கை ஜயித்த சரித்திரம் இது.

அந்த வெற்றியின் வாரிசுகளாகத்தான் நம் போன்ற உபாத்தியாயர்கள் இருக்கிறோம். பஞ்சப்படி இப்போது அகவிலைப்படி என்று நல்ல தமிழ்ப் பெயர் பெற்றுவிட்டது. தொழிற்சாலைத் தொழிலாளருக்கான விலைப் புள்ளியின் பன்னிரண்டு மாதச் சராசரியைப் பார்த்து, ஜனவரியிலும் ஜூலையிலும் அதை மாற்றுகிறார்கள். 2016-ல் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது, 2025 ஜூலையில் 58 சதவிகிதம் ஆயிற்று. புள்ளி சரியா, தவறா என்று நாம் விவாதம் செய்வதெல்லாம், அந்த 58 என்பது 60 ஆக வேண்டுமா, 62 ஆக வேண்டுமா என்பதைப் பற்றித்தான். அதாவது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பாயசத்தில் முந்திரி போதுமா என்று கேட்கிறோம். பந்திக்கு வெளியே, இலையே போடப்படாமல் நிற்கிறவர்தான் மூன்றாவது பேர்வழி.

யார் அவர்? நம் ஊரைச் சுற்றி அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறி ஓட்டுகிறவர். அவருடைய கூலி, நெய்து கொடுக்கிற துணிக்கு இவ்வளவு என்று முதலாளியோடு பேசி முடிக்கிற கூலி. எந்தப் புள்ளி ஏறினாலும் அது தானாக ஏறாது. கேட்டால்தான் ஏறும், சில சமயம் கேட்டாலும் ஏறாது. 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் கோவை, திருப்பூர் ஜில்லாக்களின் விசைத்தறிக்காரர்கள் பல வாரங்கள் தறியை நிறுத்திப் பட்டினி கிடந்த பிறகே கூலி உயர்வுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. உத்தியோகஸ்தருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீடு தேடி வருகிற நியாயத்தை, நெசவாளர் தன் அடுப்பை அணைத்து வாங்க வேண்டியிருக்கிறது!

வயலில் வேலை செய்கிறவரைப் பாருங்கள். அவருக்கென்று ஒரு விலைப் புள்ளி உண்டு. அது எப்படிப்பட்டது தெரியுமா? 1983-ல் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் செய்த செலவை வைத்து எடை போடப்பட்டு, 1986–87-ஐ 100 ஆகக் கொண்ட புள்ளி அது. அதில் 100-க்கு ஏறக்குறைய 69 பங்கு உணவுக்கு. குழந்தைக்குப் பள்ளிக்கூட வேன் கட்டணம், கைப்பேசிக் கட்டணம், தனியார் ஆஸ்பத்திரிச் செலவு இவையெல்லாம் 1983-ல் அந்த வீடுகளுக்குள் நுழையவில்லை. அந்தக் கூடையையே 2025 வரையில் சுமந்தார்கள்! அந்த வருஷத்தில்தான் 2019-ஐ 100 ஆகக் கொண்ட புதிய வரிசை வந்தது. அதுவரை 100 நாள் வேலைத் திட்டத்தின் கூலியும் அந்தப் பழைய புள்ளியைப் பார்த்தே வருஷந்தோறும் திருத்தப்பட்டு வந்தது. தமிழ்நாட்டில் 2024–25-ல் நாளுக்கு 319 ரூபாய். 2025–26-ல் 336 ரூபாய். வேலை செய்தவள் 2025-ம் வருஷத்து மனுஷி; அவளுக்குக் கூலி நிர்ணயித்தது 1983-ம் வருஷத்துக் கூடை.

இவர்களுக்காவது பேசக் குரல் இருக்கிறது. வேலை செய்யக் கை இருக்கிறது. இரண்டும் ஓய்ந்துபோன முதியவர்களின் கதையைக் கேளுங்கள். 2007-ல் மத்திய சர்க்கார் இந்திரா காந்தியின் பெயரால் முதியோர் உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் பங்கு மாதம் 200 ரூபாய். 2025-ம் வருஷத்திலும் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய சர்க்காரின் பங்கு அதே 200 ரூபாய்! இடைப்பட்ட காலத்தில், அகவிலைப்படிக்கு ஆதாரமான அந்தத் தொழிலாளர் விலைப் புள்ளி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. உத்தியோகஸ்தருக்குக் காட்டிய தயவை அந்தக் கிழவிக்கும் காட்டியிருந்தால், 200 ரூபாய் 600 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும்.

நம் ராஜ்ய சர்க்கார் தன் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. அதற்காக நன்றி செலுத்த வேண்டும். ஆனால் அங்கும் புள்ளிக்கு வேலை இல்லை. 2011-ல் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். 2023-ல் 1,200 ஆக்கினார்கள். இடையில் பன்னிரண்டு வருஷம்! 2012-ல் 100 ஆக இருந்த விலைப் புள்ளி 2023-ன் மத்தியில் 186 ஆயிற்று. சர்க்காரின் சொந்தக் கணக்கின்படியே 1,860 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் 1,200. தனியார் கம்பெனிகளில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு வைப்புநிதித் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். 2025-லும் அது 1,000 ஆகவே இருந்தது. இந்த ஜனங்களிடம் போய், "விலைப் புள்ளி உண்மைச் செலவைக் காட்டுகிறதா?" என்று கேட்பது எவ்வளவு பெரிய பரிகாசம்! அந்தக் குறைந்த எண்ணாவது அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தால் அல்லவா, அது போதுமா போதாதா என்று அவர்கள் சொல்ல முடியும்?

ஆகையால் நம்முடைய அபிப்பிராயம் இது. புள்ளி மெய்யா பொய்யா என்ற வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். அதைத் திருத்த வேண்டியதுதான். ஏழைகளின் செலவைக்கொண்டு தனிப் புள்ளி போடட்டும். ஜில்லாவுக்கு ஜில்லா எண் வெளியிடட்டும். பத்து வருஷம், நாற்பது வருஷம் என்று பழைய கூடையைச் சுமக்காமல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றட்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் செய்யலாம். தன் புள்ளி சரியானது என்று சர்க்கார் மனப்பூர்வமாக நம்புகிறது அல்லவா? அப்படியானால், அதே புள்ளியைக் கொண்டு முதியோர் உதவித்தொகையையும் விதவைகளின் உதவித்தொகையையும் குறைந்தபட்சப் பென்ஷனையும் வருஷந்தோறும் உயர்த்தட்டும். யாரும் மனுப் போட வேண்டியதில்லை. தேர்தல் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தறிக் கூலி பேசுகிற மேஜையிலும் அந்தப் புள்ளி ஓர் ஓரமாக உட்காரட்டும். பணம் எங்கே என்று கேட்பார்கள். சம்பளக்காரருக்கு 58 சதவிகிதம் கொடுக்கும்போது அந்தக் கேள்வியைச் சமாளித்தவர்கள், 200 ரூபாய்க்காரியின் முன்னால் மாத்திரம் பெட்டியைத் திறந்து காட்டிக் கையை விரிக்கலாமா?

நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு வரவு செலவு நோட்டு வையுங்கள். நம் பாட்டிமார்கள் பால் கணக்கையும் வண்ணான் கணக்கையும் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தார்கள். பிள்ளைகளைக்கொண்டு வாரந்தோறும் பத்துச் சாமான்களின் விலையை எழுதச் சொல்லுங்கள். சதவிகிதக் கணக்கு வராத பையனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பம்பாய்த் தொழிலாளர்கள் 1963-ல் வெற்றி பெற்றது சத்தம் போட்டதனால் மாத்திரம் அல்ல. ஆராய்ந்து பார்த்தபோது அவர்கள் சொன்னது நின்றது. நோட்டில் எழுதாத விலை வெறும் புலம்பல். எழுதி வைத்த விலை சாட்சி.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற அம்மாள், பக்கத்துத் தெருவில் தறி ஓட்டுகிறவர், கோயில் வாசலில் பூக் கட்டுகிற கிழவி இவர்களுக்கு நீங்கள் கொடுக்கிற கூலி கடைசியாக உயர்ந்தது எந்த வருஷம் என்று குறித்துப் பாருங்கள். சர்க்காரின் புள்ளியைப் பற்றி நமக்கு உள்ள கோபத்தில் பாதி அந்தப் பக்கத்தில் செலவாகிவிடும். மிச்சப் பாதியைச் சர்க்காருக்கு அனுப்பலாம்.